காஞ்சனபுரியில் எங்கள் ஆட்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில்பாதையைப் பற்றி எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்தில் பேசிய பெரியவர்கள் யாரும் ஒரு பாலத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "சயாமுக்குப் போனாங்க" என்பார்கள். மேற்கொண்டு கேட்டால், "வரல" என்பார்கள். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அப்படித்தான் 1943இல் போனார், வரவில்லை. பாட்டி அவருக்குத் திதி கொடுத்ததில்லை. எந்த நாளில் கொடுப்பது? இறந்த நாள் தெரியாது, இறந்தாரா என்பதே சில வருடங்கள் தெரியாது. தாலியை எப்போது கழற்றினாள் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை.

உலகத்துக்கோ பாலம்தான் தெரியும். 1957இல் டேவிட் லீன் எடுத்த 'குவாய் ஆற்றின் பாலம்' என்ற படம் அந்தப் பாலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏழு ஆஸ்கார் விருது. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் எழுதிய நாவல் அதற்கு மூலம். படம்பிடித்த இடம் தாய்லாந்து இல்லை, இலங்கையில் களனி ஆற்றங்கரையில் உள்ள கித்துல்கல. அந்த மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்கள் நிறையத் தமிழர்கள். சயாமில் செத்தவர்களில் பெரும்பங்கினர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். தோட்டத் தமிழர் நடுவே எடுத்த, தோட்டத் தமிழர் மடிந்த பாதையைப் பற்றிய படத்தில் தோட்டத் தமிழரின் கதை மட்டும் இல்லை.

படம் பார்த்தவர்கள் பாலம் இருக்கும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்கு வந்து குவாய் ஆற்றின் பாலம் எங்கே என்று கேட்டபோது இன்னொரு சங்கடமும் இருந்தது. பாலம் நின்ற ஆற்றின் பெயர் அப்போது மே குளோங். 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பயணிகளின் வசதிக்காக ஓர் ஆறு தன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறது. அங்கே உழைத்து மடிந்த எங்கள் ஆட்களின் பெயரைத் தேடித் தர ஒருவரும் அவ்வளவு அக்கறை காட்டவில்லை என்ற வருத்தம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நான் முதன்முதலாகக் காஞ்சனபுரிக்குப் போனது 1980களின் கடைசியில். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி, ஹாட்யாய் வழியாகப் பாங்காக். படுக்கை வசதியுள்ள பெட்டி, வெள்ளை விரிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு. இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவைக் கொண்டுபோனதும் இந்தத் தடத்தில்தான். இரும்புச் சரக்குப் பெட்டிக்குள் ஆட்களை நிற்க வைத்து, நாலைந்து நாள் ஓட்டி, பான் போங் என்ற ஊரில் இறக்குவார்கள். பகலில் அந்த இரும்பு கொதிக்கும். அங்கிருந்து காட்டுக்குள் நடை. போர்க்கைதிகளும் அப்படித்தான் போனார்கள், தோட்டத்து ஆட்களும் அப்படித்தான் போனார்கள். சில தோட்டத்து ஆட்கள் மனைவி மக்களோடு போனார்கள்.

நான் முதலில் போனபோது காஞ்சனபுரியில் பார்ப்பதற்கு இருந்த அருங்காட்சியகம் ஒன்றுதான். வாட் சாய்சும்போன் என்ற புத்தக் கோயிலின் வளாகத்தில், ஆற்றங்கரையில், 1977இல் திறந்தது. கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டியிருந்தார்கள். அத்தாப்புக் கூரை, நீளமான மூங்கில் படுக்கைத் தட்டு, அதற்கு மேலே சுவர் நெடுக ஓவியங்களும் மங்கிய புகைப்படங்களும் பத்திரிகை நறுக்குகளும். விலா எலும்பு தெரியக் கோவணத்தோடு நிற்கும் வெள்ளைக்காரர்கள். காலில் அழுகிய புண்ணை மருத்துவர் ஒருவர் கரண்டியால் சுரண்டுவதைக் காட்டும் படம். அந்தப் படங்களில் சில, கைதிகளே உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வரைந்தவை. மூங்கிலுக்குள் ஒளித்தார்கள், மண்ணில் புதைத்து வைத்தார்கள். பார்த்து நெஞ்சு அடைத்தது உண்மை. அவர்களுடைய துன்பத்தில் ஒரு துளியைக்கூட நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் நான் தேடிவந்த முகம் அந்தச் சுவரில் இல்லை. அருங்காட்சியகத்துக்கு ஜீத் என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகள். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் இந்தியாவுக்கும் அதில் இடமில்லை. பாதை போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இடமில்லாத அந்த நாடுகளின் ஆட்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர். கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்ததால், பர்மாவிலிருந்த படைக்குத் தரைவழியாகப் பண்டம் அனுப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் முன்பே பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று கைவிட்ட வழி அது. மலை, காடு, மழை, மலேரியா. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,00,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் போனவர்கள் 70,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

முதல் கணக்கில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு. இரண்டாவது கணக்கில் "அளவில்", "இருக்கலாம்" என்ற சொற்கள்தான் உண்டு.

காரணம் தாள்தான். படைவீரனுக்கு எண் இருந்தது, பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார். செத்தவனைப் புதைத்ததும் இடத்தைக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்த உடனே, 1945 செப்டம்பரில், ஒரு குழு பாதை நெடுகப் போய் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு 10,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தது. தோட்டத்து ஆளுக்கு இருந்ததெல்லாம் தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. அவன் லாரியில் ஏறியதும் அந்த வரி நின்றுவிட்டது.

அந்த முதல் பயணத்தில் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் போய்ப் பார்த்தேன். கிட்டத்தட்ட 7,000 பேர். மட்டமாக வெட்டிய புல், வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள், கல்லுக்குக் கல் பூச்செடி. ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு, குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வாக்கியம். 22 வயது, 24 வயது என்று படித்துக்கொண்டே நடந்தேன். காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பலை இரண்டே குழியில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரும் விடுபடவில்லை. முஸ்லிம் இடுகாடுகளில் புதைத்துப் பராமரிக்க முடியாமல்போன இந்தியப் படைவீரர்கள் 11 பேரின் பெயர்களும் அங்கே பொறித்திருக்கின்றன. இந்தியனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அவன் சீருடை போட்டிருந்தால்.

தமிழ் எழுத்தை அந்த ஊரில் நான் முதலில் கண்ட இடம் என்னை உலுக்கிவிட்டது. பாலத்துக்கு அருகே ஜப்பானியப் படையே 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. பாதை வேலையில் இறந்த எல்லாருக்கும் சமர்ப்பணம். சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு, தமிழும் ஒன்று. அடித்து வேலை வாங்கியவர்கள், போர் முடிவதற்கு முன்னாலேயே, எங்கள் மொழியில் எங்கள் ஆட்களுக்கு அஞ்சலி எழுதி வைத்துவிட்டார்கள். வெற்றி பெற்று வந்த எங்கள் பழைய துரைமார்கள் எழுதவில்லை. யாருடைய ரப்பரை வெட்டினார்களோ, யாருடைய கொடியின் கீழ் குடியிருந்தார்களோ, அவர்களுக்கு இந்தச் சாவு தங்கள் கணக்கில் சேராத சாவு. அந்தக் கல்லின் முன்னால் கும்பிடுவதா வேண்டாமா என்று நின்றேன். கும்பிட்டேன். எழுத்து தமிழ் எழுத்து.

பாட்டி சொன்னவற்றை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கெல்லாம் வெறும் கணக்காகிவிடும். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பரை ஏற்றக் கப்பல் இல்லை. பால்வெட்டு நின்றது. அரிசி போயிற்று, மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் துணி கிடைக்காது. அப்போதுதான் ஆள் எடுத்தார்கள். மூன்றே மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசிச் சோறு. முதலில் போனவர்கள் அதை நம்பியே போனார்கள். மூன்று மாதம் கழித்தும் யாரும் திரும்பாதபோது மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வரும், கிராணியும் வேலையை மேற்பார்க்கும் தண்டலும் பட்டியல் போட வேண்டும். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டத்தைச் சேர்த்து, வாசலில் லாரியை நிறுத்திய கதையைப் பல தோட்டங்களில் சொல்வார்கள். கலியாணமாகாத பையன்கள் காட்டில் படுத்துத் தூங்கினார்கள்.

பாட்டியின் தம்பி சயாம் பட்டியலுக்குப் பயந்து நேதாஜியின் படையான இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார். பயம் மட்டும் இல்லை, சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தப் பேச்சுகளும் அவரை இழுத்தன என்று பாட்டி சொல்வாள். 1944இல் இம்பால் போருக்காக ஐ.என்.ஏ. வீரர்கள் பர்மாவுக்குப் போனபோது பலரும் இதே பாதையில்தான் ரயிலேறிப் போனார்கள். அவரும் போனார், திரும்பியும் வந்தார். வண்டி மெதுவாகப் போன இடங்களில் பாதையோரம் மண்மேடுகளைப் பார்த்ததாகவும், மாமன், அதாவது என் தாத்தா, எந்த மேட்டில் இருப்பாரோ என்று எண்ணிக்கொண்டே போனதாகவும் அவர் சொன்னதுண்டு. மாமன் போட்ட பாதையில் மச்சான் விடுதலைப் போருக்குப் போனான். எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்ததாக இதை நான் நினைக்கவில்லை.

சமீபத்தில் மகளோடு மறுபடி போனேன். காஞ்சனபுரி மாறிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே 2003இல் தாய்லாந்து - பர்மா ரயில்வே மையம் வந்துவிட்டது. இப்படி ஓர் அருங்காட்சியகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. பாதை வளைந்து போன மலையை மாதிரி செய்து காட்டியிருக்கிறார்கள். எந்த முகாமில் எந்த மாதத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று வரைபடம் உண்டு. காட்டுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த ஆணி, சம்மட்டி, தட்டு, கரண்டி. காலராக் கொட்டகையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. அவர்களே மிகுதி, அவர்களே அதிகம் செத்தார்கள் என்பதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு நன்றி உணர்வுதான் வந்தது.

ஏன் அதிகம் செத்தார்கள் என்பதும் இன்று விளங்கும்படி கிடைக்கிறது. கைதிகளின் முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதே, சாப்பிடும் முன் தட்டை வெந்நீரில் முக்கு என்று கட்டளை போட்டார்கள். கட்டளைக்குப் பணியப் பழகியவர்கள் பணிந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் ஆற்றோடு காலரா இறங்கியபோது முகாம் முகாமாக விழுந்தார்கள். சாவு கைமீறிப் போன பிறகு, அந்த ஆண்டின் நடுவில், சிங்கப்பூரின் சாங்கி சிறைமுகாமிலிருந்து கே படை, எல் படை என்று கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். தமிழர் முகாம்களில் நடந்ததை எழுத்தில் சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தக் கைதிகளே. அவர்கள் எழுதவில்லை என்றால் அந்த அளவுக்குக்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

போர்க்கைதிகளின் பேரப்பிள்ளைகள் இந்த மையத்துக்கு வந்து பெயரையும் படைப்பிரிவையும் சொன்னால், அவர் எந்த அணியில் வந்தார், எந்த முகாம்களில் இருந்தார், எங்கே கிடக்கிறார் என்று தேடித் தருகிறார்கள். என் மகளுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "தாத்தாவோட அப்பா பேரைக் கொடுப்போமா அப்பா?" என்றாள். எங்களிடம் பெயர் இருந்தது. அதே பெயரில் எங்கள் தோட்டத்திலிருந்தே நாலைந்து பேர் போனதாகப் பாட்டி சொல்லியிருக்கிறாள். எண் இல்லை, பிரிவு இல்லை, புறப்பட்ட தேதி இல்லை. எதை வைத்துத் தேடுவது என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து வடக்கே ஹெல்ஃபயர் பாஸ். பாறையை உளியும் சம்மட்டியும் கொண்டு கையால் பிளந்த இடம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்துக் கைதிகள் வைத்த பெயர். ஆஸ்திரேலிய அரசு 1998இல் அங்கே நினைவு அருங்காட்சியகம் கட்டியது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியலில் ஆஸ்திரேலியர்கள் வந்து கூடி அஞ்சலி செய்கிறார்கள். தன் பிள்ளைகள் செத்த இடத்துக்கு ஒரு நாடு இப்படித்தான் மரியாதை செய்ய வேண்டும். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதைவிட அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது நல்லது. எங்களுக்காக அங்கே நிற்க வேண்டிய நாடு எது? மலேசியாவா, இந்தியாவா, பிரிட்டனா? மூன்றும் மற்றதைக் கைகாட்டிக்கொண்டே எண்பது வருடம் ஓடிவிட்டது.

காஞ்சனபுரிக்குத் திரும்பி வந்தால் பாலத்தில் கூட்டம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. நடுவிலுள்ள நேர்ச்சட்டங்கள் குண்டுவீச்சில் விழுந்த இடத்தில் போருக்குப் பின் வைத்தவை. பயணிகள் தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், லீனின் படத்தில் வந்த சீழ்க்கைப் பாட்டை அடிக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் ஒலி ஒளிக் காட்சி, வாணவேடிக்கை. ரயில் இன்றும் நாம் தோக் வரை ஓடுகிறது. வாங் போ பாறையோர மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது எல்லாரும் ஒரு பக்கம் வந்து கைபேசியை நீட்டுகிறார்கள்.

இரண்டு பயணங்களுக்கும் நடுவே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990 நவம்பரில் காஞ்சனபுரி நகரிலேயே ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று முடிவு செய்தார்கள். நான் முதலில் போனபோது அந்த நிலத்தில் கரும்பு நின்றது. கல்லறைத் தோட்டத்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அதே ஊரில்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் வாட் தாவோன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்து எழுப்பிய பழைய நினைவுத்தூண் அங்கே உண்டு. முதல் பயணத்தில் அதை எனக்குக் காட்ட ஆள் இல்லை, வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. இன்று அதே வளாகத்தில் ஒரு நடுகல் நிற்கிறது. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் பல வருடம் அலைந்து, 2023இல் நிறுத்தியது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் மிகப் பழைய வழக்கம். சீருடை போடாதவனுக்கும் அந்தக் கல் கிடைத்திருக்கிறது. மகள் ஒரு செம்பு தண்ணீரும் பூவும் வைத்தாள். பாட்டி கொடுக்காத திதியை நான் அங்கே கொடுத்தேன்.

அருங்காட்சியகங்கள் தங்களால் முடிந்ததைச் செய்திருக்கின்றன. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதிவைத்தார்கள். மீதி நம் வீடுகளில்தான் இருக்கிறது. பேராக், சிலாங்கூர், கெடா, ஜொகூர் என்று எந்தத் தோட்டத்து வழிவந்தவராக இருந்தாலும் உங்கள் வீட்டு மூத்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? பெயர், அவருடைய தகப்பனார் பெயர், தோட்டம், டிவிஷன், கூடப் போனவர்கள், திரும்பி வந்தவர் யாராவது சொன்ன முகாமின் பெயர், எதுவானாலும் எழுதுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு படி வீட்டில் இருக்கட்டும், ஒரு படியைக் காஞ்சனபுரி ரயில்வே மையத்துக்கு அனுப்புங்கள். நீங்களே போனால் பாலத்தோடு திரும்பாமல் வாட் தாவோனுக்கும் போய்வாருங்கள்.